சங்கம் வந்ததால்தான் நோக்கியா போனதா? தங்கைக்காகக் கேட்ட ஒருவருக்கு என் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மொபைல் அசெம்ப்ளி கம்பெனியில் லைன் வேலையில் இருக்கிறார். ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறார். லைனில் சிலர் சங்கத்துக்குப் பெயர் சேர்க்கிறார்கள். "சங்கம் வந்ததால்தான் நோக்கியா மூடிட்டுப் போனான், இங்கேயும் அதே கதிதான்" என்று மேலே இருந்து பேச்சு வருகிறது. வீட்டில் பயம். பெயர் கொடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நோக்கியா ஏன் போனது, சங்கத்தால் உண்மையில் என்ன கிடைக்கும், தங்கையின் வேலை போய்விடுமா. உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது மூன்றாவதுக்கான பதில்தான் என்று தெரிகிறது. ஆனால் முதலிரண்டைப் பேசாமல் அதற்குப் பதில் சொன்னால் அது வெறும் தைரியப் பேச்சாகவோ பயமுறுத்தலாகவோ போய்விடும்.

நான் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர். அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சில வருடம் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். அதனால் நிர்வாகம் எப்படி யோசிக்கும் என்பதும் தெரியும், சங்கத்து ஆட்கள் எங்கே சறுக்குவார்கள் என்பதும் தெரியும். எந்தச் சங்கத்திலும் எனக்குப் பொறுப்பு இல்லை.

நோக்கியாவில் தொடங்குகிறேன். 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். சுற்றிலும் இருந்த சப்ளையர் கம்பெனிகளைச் சேர்த்தால் இன்னும் பல ஆயிரம் பேர். 2010-ல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது உண்மை, சங்கம் இருந்ததும் உண்மை. ஆனால் அதற்கு அப்புறம் நாலு வருடத்துக்கு மேல் ஆலை ஓடியது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே நுழைந்தது. பின்லாந்துத் தாய்நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி, மாநில வணிகவரித்துறை தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, 2014 ஏப்ரலில், இந்த வரிச் சிக்கல் காரணமாகச் சென்னை ஆலை மட்டும் கைமாறாமல் நின்றுவிட்டது. கொஞ்ச நாள் மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றதும் 2014 நவம்பர் 1-ஆம் தேதி கதவு மூடியது. இந்தக் கதையில் சங்கம் எங்கே வருகிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

வரி மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் நோக்கியாவின் வியாபாரமே சரிந்துகொண்டிருந்தது. ஸ்மார்ட்போன் சந்தையை ஆண்ட்ராய்டும் ஐபோனும் பிடித்துவிட்டன. சென்னையில் ஓடியதோ பெரும்பாலும் பட்டன் போன். வரித் தகராறே இல்லாமல் மைக்ரோசாப்ட் கைக்குப் போயிருந்தாலும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பது சந்தேகம்தான், ஏனென்றால் மைக்ரோசாப்டே சில வருடத்தில் போன் தொழிலைக் கைவிட்டுவிட்டது. இதே நோக்கியா 2008-ல் ஜெர்மனியின் போகும் நகரத்து ஆலையை மூடி, கூலி குறைவு என்று ருமேனியாவின் க்ளூஜ் பக்கம் போனது. மூன்றே வருடத்தில், 2011-ல், அந்த ருமேனிய ஆலையையும் மூடி ஆசியா பக்கம் திரும்பியது. 2012-ல் தன் சொந்த மண்ணில், பின்லாந்தின் சாலோ ஆலையில், போன் உற்பத்தியை நிறுத்தியது. பலமான சங்கம் இருந்த ஜெர்மனியிலும் மூடினார்கள், கூலி குறைந்த ருமேனியாவிலும் மூடினார்கள், பிறந்த வீட்டிலும் மூடினார்கள். சென்னையில் மட்டும் சங்கத்தால் மூடினார்கள் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. போகும் ஆலையில் சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள். ஊரே தெருவில் இறங்கியது, சங்கம் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தது, கடைசியில் சுமார் 20 கோடி யூரோ நஷ்டஈட்டுத் திட்டத்தோடு முடிந்தது. நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் சொல்கிறேன், எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, கார். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஆலை மூடப்படும்போது சட்டம் குறைந்தபட்சமாகத் தரச்சொல்வது, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். அங்கே சங்கம் ஒரு வருடம் மல்லுக்கட்டி, சராசரியாக ஒரு வருட சர்வீஸுக்கு நூறு நாளுக்கு மேல் சம்பளம் அளவுக்கு வாங்கிக் கொடுத்தது. கம்பெனி போவதைச் சங்கம் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. போவதா இருப்பதா என்பதைச் சந்தையும் வரியும் தலைமையகத்துக் கணக்கும் தீர்மானிக்கின்றன. போகிற அன்று உள்ளே இருப்பவர் கையில் என்ன இருக்கும் என்பதில்தான் சங்கத்துக்குப் பேச்சு இருக்கிறது. இதே நோக்கியா வளாகத்தில் நேரடித் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் தொகை பேசப்பட்டது. சப்ளையர் கம்பெனிகளிலும் காண்ட்ராக்டிலும் இருந்தவர்களுக்காகப் பேச ஆள் குறைவு. என்னிடம் பின்னால் வந்தவர்களில் அதிகம் அவர்கள்தான். நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

சரி, சங்கம் இல்லாவிட்டால் அமைதி இருக்குமா? ஹெச்.ஆர். ஆளாக இருந்த காலத்தில் நானும் இன்டக்‌ஷன் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நரசாபுரா என்று ஒரு ஊர். அங்கே ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையில் சங்கம் கிடையாது. பெரும்பாலானவர்கள் பல ஏஜென்சிகள் மூலம் வந்த காண்ட்ராக்ட் ஆட்கள். ஷிப்டை 12 மணி நேரமாக்கினார்கள். சம்பளம் தள்ளிப்போனது, வந்தபோதும் சொன்ன தொகை வரவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் ஏஜென்சியைக் காட்டுவார், ஏஜென்சி கம்பெனியைக் காட்டும். 2020 டிசம்பர் 12-ஆம் தேதி காலை, நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில், கண்ணாடி நொறுங்கி, வண்டிகள் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். பிறகு ஆப்பிள் தன் விசாரணையில், வேலை நேரத்தையும் சம்பளத்தையும் நிர்வகித்ததில் தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டது. விஸ்ட்ரான் தன் இந்தியத் துணைத்தலைவரை நீக்கியது. தொழிலாளி சொன்னது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் எத்தனையோ பையன்கள் மேல் கிரிமினல் வழக்கு ஏறிவிட்டது.

அடுத்த வருடம் அதே டிசம்பரில் நம் பக்கம். ஐபோன் செய்யும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு கெட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய். ஆனால் அதைப் பொய் என்று சொல்லி நம்பவைக்கக்கூடிய, அந்தப் பெண்கள் தங்கள் ஆள் என்று ஏற்றுக்கொண்ட ஒருவரும் அங்கே இல்லை. இரவோடு இரவாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. ஹாஸ்டலும் சாப்பாட்டு அறையும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே சொன்னது. மனு கொடுக்க ஒரு வழி இருந்திருந்தால் சில வாரம் முன்பே தீர்ந்திருக்கும் விஷயம் இது. நோக்கியாவுக்குச் சப்ளையராக இருந்த ஃபாக்ஸ்கானின் பழைய ஆலையில் 2010-ல் சி.ஐ.டி.யு. (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த தொழிற்சங்க அமைப்பு) சங்கம் இருந்தது. வேலைநிறுத்தத்தின்போது நூற்றுக்கணக்கில் கைது செய்தார்கள். அந்த ஆலை நோக்கியாவோடு சேர்ந்து போனது. பிறகு அதே கம்பெனி புது ஆட்களோடு, பெரும்பாலும் இளம்பெண்களோடு, திரும்பியபோது பழைய சங்கத்தின் தொடர்ச்சி அறுந்திருந்தது.

இந்த இரண்டுக்கும் பக்கத்தில் சாம்சங்கை வைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங்மெஷின் செய்யும் ஆலை, 2007-ல் இருந்து ஓடுகிறது, தொழிலாளர்கள் சுமார் 1,800 பேர். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை 37 நாள் வேலைநிறுத்தம். பந்தல் போட்டு, யூனிபார்மோடு உட்கார்ந்தார்கள். நடுவில் பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், இன்னொரு தொழிலாளர் குழுவோடு நிர்வாகம் தனியாக ஒப்பந்தம் போட்டது. அப்போதும் ஒரு கண்ணாடி உடையவில்லை. இத்தனைக்கும் அந்த 37 நாளும் அந்தச் சங்கம் பதிவுகூட ஆகவில்லை. ஜூலையில் விண்ணப்பித்தும் பதிவாளர் முடிவெடுக்காமல் இழுத்தார். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. ஊரில் எத்தனை சங்கங்கள் கம்பெனிப் பெயரோடு இருக்கின்றன என்பதை நினைத்தால் இந்த வாதம் எனக்கு இன்றும் சிரிப்புத்தான். சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில், ஆறு வாரத்துக்குள் முடிவெடு என்று பதிவாளருக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27-ல் பதிவு கிடைத்தது.

அதோடு சுபம் இல்லை. பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூன்று பேரை சஸ்பெண்ட் செய்தார்கள், ஆலைக்குள்ளேயே உள்ளிருப்புப் போராட்டம் ஆரம்பித்து ஒரு மாதம் ஓடியது. பிறகு மே மாதம் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் முன்னிலையில் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. உங்கள் தங்கை இதில் கவனிக்க வேண்டியது, சங்கம் கட்டுவது ஒரு வாரத்து வேலை இல்லை என்பதை. முதல் மனுவில் இருந்து ஊதிய ஒப்பந்தம் வரை கிட்டத்தட்ட ஒரு வருடம், அதில் ஒரு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லை. கொரியாவில் சாம்சங் பல பத்தாண்டு சங்கமே கூடாது என்ற கொள்கையோடு இருந்தது. சங்கத்தை உடைக்கச் சதி செய்ததாக அதன் உயரதிகாரிகளுக்கு 2019-ல் தண்டனை கிடைத்து, 2020-ல் அதன் அப்போதைய துணைத்தலைவர் லீ ஜே-யோங் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. அங்கேயே அவ்வளவு காலம் ஆனது என்றால் இங்கே ஒரு வருடம் அதிகம் இல்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இதற்கு நான் பதில் சொல்ல, தங்கையின் ஐடி கார்டும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் வேண்டும். சட்டப் புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே உரிமைதான். சங்கம் வைப்பது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கொடுத்த உரிமை, நிரந்தரமா காண்ட்ராக்டா என்ற பேதம் அதில் இல்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை, அது குற்றம். இது உறுதி. ஆனால் எந்தக் கம்பெனியும் 'சங்கத்தில் சேர்ந்ததால் நீக்குகிறோம்' என்று எழுதிக் கொடுப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளி என்றால் நோட்டீஸ், சார்ஜ் ஷீட், உள்விசாரணை என்று ஒரு நடைமுறை இருக்கிறது, நாமும் எதிர்த்து நிற்கலாம். காண்ட்ராக்ட் ஆள் என்றால் நாளைக் காலை கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். 'காண்ட்ராக்ட் முடிந்தது, ஏஜென்சியைக் கேளுங்கள்' என்பார்கள். ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்றால் 'பயிற்சி முடிந்தது'. அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே கிடையாது, பயிற்சி பெறுபவர் மட்டும். புதிதாகப் பரவும் ஃபிக்ஸட் டெர்ம் வேலையில் குறிப்பிட்ட தேதி வந்ததும் புதுப்பிக்காவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆக, உரிமை ஒன்று, அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி நாலு விதம்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மற்ற மாநிலத்து வக்கீல்கள் பொறாமைப்படும் சட்டம். அது இருப்பதனால்தான் பல கம்பெனிகள் ஆட்களை 480 நாள் நெருங்கவிடாமல் சுழற்றுகின்றன. ஒரு வழக்கில் என்னிடம் வந்த பெண் ஒரே லைனில், ஒரே ஸ்டேஷனில், அதே ஸ்க்ரூ டிரைவரோடு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார். ஆனால் காகிதத்தில் ஏஜென்சி மாறிக்கொண்டே இருந்தது, நடுவில் சில நாள் இடைவெளி காட்டியிருந்தார்கள். அவருக்கே அது தெரியாது. பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு முதலாளி பெயரும் தனித்தனியாக வந்தது. அதனால் தங்கையிடம் முதலில் சொல்லுங்கள்: யு.ஏ.என். என்ற தன் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, அங்கே முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். சுவரில் இருக்கும் கம்பெனி பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் ஒரு வழி, வேறாக இருந்தால் வேறு வழி.

சட்டம் இப்போது மாறும் காலத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டமும் 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டமும் போய், தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பழையபடியே, பதிவுக்கு ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் ஒருவர் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும். நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு பேசவேண்டும் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் இதுவரை விதியே இல்லாமல் இருந்தது. இப்போது பல சங்கம் இருந்தால் 51 சதவீதம் உறுப்பினர் வைத்திருக்கும் சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் என்று வந்திருக்கிறது. இது நல்லதுதான் என்பது என் கருத்து. ஆனால் இந்த 51 சதவீதத்தை மஸ்டர் ரோலை, அதாவது ஆலையின் ஆட்கள் பதிவேட்டை, வைத்து எண்ணுவார்கள். ஆலையில் பாதிக்கு மேல் ஏஜென்சி ஆட்களாக இருக்கும்போது அவர்கள் எந்த எண்ணிக்கையில் வருவார்கள் என்று வழக்குகள் வரப்போகின்றன. எப்படி முடியும் என்று நான் ஆரூடம் சொல்லத் தயாராக இல்லை. அடுத்தது, வேலைநிறுத்தம். முன்பு ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைக்கு மட்டும் கட்டாயமாக இருந்த 14 நாள் நோட்டீஸ் இப்போது எல்லா ஆலைக்கும் கட்டாயம். ஆட்களில் பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளைக்கு யாரும் போகவேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போட்டு எல்லோரும் நின்றுவிட்டால் அது சட்டவிரோத வேலைநிறுத்தம் ஆகிவிடலாம். சங்கம் என்று ஒன்று அமைப்பாக இருப்பதன் பயன் இங்கேயும் இருக்கிறது, நோட்டீஸ் கொடுக்கத் தெரிந்த ஆள் ஒருவராவது இருப்பார்.

இதுவரை சங்கத்துக்குச் சாதகமாகவே பேசியதாகத் தோன்றலாம். சங்கங்கள் மேல் எனக்குக் குறைகள் உண்டு, சின்னக் குறைகள் இல்லை. இந்தப் பகுதியின் பெரும்பாலான சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கங்கள். பக்கத்து ஸ்டேஷனில் பாதிச் சம்பளத்துக்கு அதே வேலை செய்யும் காண்ட்ராக்ட் ஆள், கோரிக்கைப் பட்டியலில் கடைசி வரியில் வருவார், பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அந்த வரிதான். ஒரே ஆலையில் இரண்டு மூன்று சங்கம் வந்து ஒன்றை ஒன்று நிர்வாகத்தின் கைக்கூலி என்று திட்டுவதும் உண்டு, சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அப்புறம் பெண்கள். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். மேடையில் மீசை நரைத்த ஆண்கள். பாத்ரூம் போக ரிலீவர் இல்லாமல் தண்ணீர் குடிக்காமல் இருந்து இன்ஃபெக்‌ஷன் வருவது, நாள் முழுக்க நின்று கால் வீங்குவது, நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க முடியாத ஹாஸ்டல் அறை, இவையெல்லாம் கோரிக்கையாக எழுதப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். 2024-ல் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது மத்திய அரசே மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அப்படி ஒரு விஷயத்தைச் செய்தி நிறுவனம் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது, சங்கம் கொண்டுவரவில்லை.

ஹாஸ்டல் பற்றியும் ஒரு வார்த்தை. வல்லம் வடகாலில், தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய 18,720 படுக்கை கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2021-ல் பார்த்த நிலைமைக்கு இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் தூங்கும் இடமும் வேலையோடு கட்டியிருந்தால், வேலை போகிற அன்று தங்கும் இடமும் போகும். ஊருக்குத் திரும்பின பெண் ஏ.எல்.சி. (உதவித் தொழிலாளர் ஆணையர்) அலுவலகத்தில் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பது எத்தனை சிரமம் என்று தினம் பார்க்கிறேன். நிர்வாகங்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் தூரத்து மாவட்டங்களில் ஆள் எடுக்கின்றனவா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள். உள்ளூரில் அவ்வளவு பேர் கிடைக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

சங்கம் இருந்தால் புதுக் கம்பெனிகள் வரத் தயங்கும் என்ற வாதத்தையும் தள்ளிவிட மாட்டேன். முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள், நானே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியதன் பின்னால் அந்த அழுத்தம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் வராமல் போன கம்பெனி எதற்காக வரவில்லை என்று நிரூபிக்க வழியே இல்லை, நிலமா, மின்சாரமா, வரியா, சங்கமா. கண்முன் இருப்பது, மூடிய நோக்கியா வளாகத்தையே சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கி, 2020-ல் உற்பத்தி ஆரம்பித்தது. சங்கத்தின் பேய் அங்கே உலாவுவதாக அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

தங்கை என்ன செய்யலாம் என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இதுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப்புகள், ஐடி கார்டின் இரண்டு பக்கம், இ.எஸ்.ஐ. எண், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வைக்கட்டும், அவர் போனில் மட்டும் வேண்டாம். ஆலைக்குள் படம் எடுக்கவே கூடாது. அது ஒன்று போதும், சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். வெள்ளைத்தாளிலோ படிக்காத படிவத்திலோ கையெழுத்துப் போடவேண்டாம், முக்கியமாக 'விருப்பத்தின் பேரில் ராஜினாமா' என்று எதுவும். அவர் நேரடி நிரந்தரத் தொழிலாளி என்றால் பெயர் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. பெயர் சேர்ப்பவர்களிடம் சில கேள்விகள் மட்டும் கேட்கட்டும். சந்தாவுக்கு ரசீது உண்டா, கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கிறீர்களா, பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்றா, வேலைநிறுத்தம் என்று வந்தால் சம்பளம் இல்லாத மாதத்துக்கு என்ன ஏற்பாடு. கடைசிக் கேள்விக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறவர்களை நம்பலாம்.

ஏஜென்சி ஆள் என்றால் நான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக முன்னால் நிற்க வேண்டாம். லைனில் கணிசமான பேர் சேர்ந்த பிறகு, நிர்வாகத்துக்குக் கடிதம் போய், தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு ஆரம்பித்த பிறகு வெளியே தெரிவது பாதுகாப்பு, ஏனென்றால் பேச்சுவார்த்தை நிலுவையில் இருக்கும்போது அந்தத் தகராறில் சம்பந்தப்பட்டவர்களை நீக்குவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அதுவரை பெயர் ரகசியமாக இருக்கட்டும், அப்படி வைத்துக்கொள்வது தவறில்லை. ஒருவேளை நீக்கிவிட்டால், தகராறு எழுப்ப முன்பு மூன்று வருட அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு வருடம். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஊரில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

ட்ரெய்னி என்று போட்டிருந்தால் ஆர்டரில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வெறுமனே 'ட்ரெய்னி' என்று பெயர் வைத்து உற்பத்தி வேலை வாங்கியிருந்தால், பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து அவர் தொழிலாளிதான் என்று வாதாட இடம் இருக்கிறது. சில வழக்குகளில் ஜெயித்திருக்கிறோம், சிலவற்றில் தோற்றிருக்கிறோம். ஆர்டரைப் படித்துவிட்டு, முதலாளி பெயரை மறைத்து, வேலைத் தன்மை, ஆரம்பத் தேதி, முடியும் தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.